முஸ்லிம் நண்பர்கள் விருந்துக்கு வருகிறார்கள்: சைவமா, மீனா, ஹலால் இறைச்சியா, வெளிச் சமையலா?

புது வீட்டுக் குடிபூரலுக்கு நாள் வைத்தாயிற்று. கணவரோடு வேலை செய்யும் முஸ்லிம் குடும்பம் வருகிறது. அல்லது மகளோடு கம்பஸில் படிக்கும் பிள்ளைகள் நாலு பேர் வருகிறார்கள். என்ன சமைப்பது? யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்வியோடு என்னிடம் வந்தவர்கள் பலர். "சைவம் வைத்தால் பிரச்சினை இல்லைத்தானே?" என்பார் ஒருவர். "ஹலால் கோழி வாங்கினால் சரிதானே?" என்பார் இன்னொருவர். இரண்டு பேருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: பாதி சரி.

நானும் பிழை விட்டுப் படித்தவள்தான். புது வீட்டுக்கு வந்த வருடம் என் கணவரின் நண்பரையும் குடும்பத்தையும் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டோம். வழக்கமாக வாங்கும் கடையில் கோழி வாங்கி, வீட்டுத் தூள் போட்டுப் பிரட்டல் வைத்தேன். பன்றி இல்லை, சாராயம் இல்லை, இனி என்ன என்று எனக்கு நிம்மதி. அவர்கள் சோறும் பருப்பும் கத்தரிக்காயும் அப்பளமும் போட்டுச் சாப்பிட்டார்கள். கோழிச் சட்டியில் கரண்டி இறங்கவே இல்லை. அவர்களுடைய சின்னப் பொடியன் கோழியைப் பார்த்தான், பிறகு தாயைப் பார்த்தான். தாய் கண்ணால் ஏதோ சொன்னார். அவன் அப்பளத்தை நொறுக்கத் தொடங்கினான்.

போகும் நேரம் அந்தத் தாய் குசினிக்குள் வந்து என் கையைப் பிடித்தார். ராத்தா என்றுதான் நான் அவரைக் கூப்பிடுவேன், முஸ்லிம்கள் அக்காவை அப்படித்தான் சொல்வார்கள். "குறை நினையாதேங்கோ தங்கச்சி. கோழி ஆர் அறுத்ததெண்டு தெரியேல்ல, அதுதான்."

இது எனக்கு ஏன் தெரியாமல் போனது என்று பிறகு யோசித்தேன். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேரத்துக்குள் ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். சோனகத் தெருவும் ஐந்து சந்தியும் வெறுமையாகின. திரும்பியவர்களில் பலர் வந்தது போர் முடிந்த 2009க்குப் பிறகுதான், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. இடையில் இருபது வருடம். முஸ்லிம் பக்கத்து வீடு எப்படி இருக்கும் என்றே தெரியாமல் வளர்ந்த தலைமுறை என்னுடையது. அம்மம்மாவுக்கு இதெல்லாம் தெரிந்திருந்தது. அவர் விசேஷ நாளில் சமைத்துக் கொடுக்கவே மாட்டாராம். அரிசி, தேங்காய், வாழைக்குலை, காய்கறி என்று பச்சைச் சாமானாகக் கடகத்தில் வைத்து அனுப்பிவிடுவாராம். இன்றைக்கு அப்படிச் செய்தால் விருந்தாகாது. ஆனால் அந்தக் கடகத்துக்குள் ஒரு கணக்கு இருந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

## முதலில், ஹராம் என்றால் என்ன

இஸ்லாமியச் சட்டம் மனிதர் செய்யும் எதையும் ஐந்து தட்டில் வைக்கிறது. கட்டாயம் செய்ய வேண்டியது வாஜிப் அல்லது பர்ளு. செய்தால் நன்மை, விட்டால் குற்றமில்லை என்பது சுன்னத்து. செய்தாலும் விட்டாலும் ஒன்றுதான் என்பது முபாஹ். விடுவது நல்லது என்பது மக்ரூஹ். செய்யவே கூடாது என்பது ஹராம். சாப்பாட்டில் எதுவும் முதலில் 'ஆகும்' பக்கத்தில்தான் நிற்கிறது. ஆகாது என்று சொல்பவர்தான் ஆதாரம் காட்ட வேண்டும்.

ஆகாதவற்றின் பட்டியல் நாம் பயப்படுகிற அளவுக்கு நீளமில்லை. குர்ஆனின் இரண்டாவது அத்தியாயம், 173ஆம் வசனம் நான்கைச் சொல்கிறது: தானாகச் செத்தது, இரத்தம், பன்றி இறைச்சி, அல்லாஹ் அல்லாத வேறு பெயர் சொல்லப்பட்டது. ஐந்தாவது அத்தியாயத்தின் மூன்றாவது வசனம் அதையே விரிக்கிறது: கழுத்து நெரிபட்டது, அடிபட்டுச் செத்தது, மேலிருந்து விழுந்து செத்தது, முட்டுப்பட்டுச் செத்தது, மிருகம் கடித்துத் தின்றது, பலிபீடத்தில் அறுக்கப்பட்டது. அதே அத்தியாயத்தின் 90ஆம் வசனம் மதுவை விலக்குகிறது. நபிமொழிகளின் வழி கோரைப்பல் உள்ள வேட்டை மிருகங்கள் போன்றவையும் சேரும். அவை நம் குசினிக்குள் வரப்போவதில்லை.

பொருளே ஹராமாக இருப்பது ஒரு வகை, பன்றி அப்படி. பொருள் நல்லதாக இருந்தும் வந்த வழி கெட்டுப்போவது இன்னொரு வகை. முறைப்படி அறுத்த ஆடாகவே இருக்கட்டும், களவெடுத்த ஆடு என்றால் அதைச் சாப்பிட முடியாது. இரண்டுக்கும் நடுவில் சந்தேகமானவை நிற்கின்றன. ஹலால் தெளிவானது, ஹராம் தெளிவானது, நடுவில் இருப்பவற்றைப் பலர் அறியமாட்டார்கள், அவற்றைத் தவிர்த்தவர் தன் மார்க்கத்தைக் காத்துக்கொண்டார் என்ற கருத்தில் ஒரு புகழ்பெற்ற நபிமொழி உண்டு. வேலி போட்ட காணிக்குப் பக்கத்தில் மாடு மேய்ப்பவனை அதில் உவமை காட்டுகிறார்கள். கொஞ்சம் அசந்தால் மாடு உள்ளே போய்விடும். என் கோழிச் சட்டி நின்றது அந்த வேலியோரத்தில்தான்.

பட்டினியில் உயிர் போகிற நிலை வந்தால் அதே 173ஆம் வசனம் விலக்குக் கொடுக்கிறது. நம் வீட்டு விருந்து யாருக்கும் அந்த நிலை அல்ல. "ஒரு நாளைக்குத்தானே, சாப்பிடுங்கோ" என்று வற்புறுத்துவது அவர்களைச் சங்கடப்படுத்துவதில்தான் முடியும்.

## எதை வைத்து அளப்பது

நாலு வழிகளையும் நான் இந்தக் கேள்விகளை வைத்துத்தான் பார்க்கிறேன்.

இறைச்சி என்றால், அறுத்தது யார்? சமைத்த சட்டிக்குள் முன்பு என்ன இருந்தது? மதுவோ பன்றியோ வேறு பெயரில் ஒளிந்து வருகிறதா? சாமிக்குப் படைத்ததா? இவை அவர்கள் பக்கம்.

நம் பக்கமும் உண்டு. செலவு எவ்வளவு, வேலை எவ்வளவு, நம் வீட்டு விரதத்துக்கும் ஒழுங்குக்கும் இடிக்குமா?

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: விருந்தாளி வாய் திறந்து விசாரிக்காமலே கை வைக்க முடியுமா? கேட்பது அவர்களுக்கு எவ்வளவு கூச்சம் என்பது அந்த ராத்தாவின் கையில் எனக்குத் தெரிந்தது. நான் முடிவெடுக்கும்போது இதற்குத்தான் அதிகப் புள்ளி.

## முழுச் சைவம்

அறுப்புப் பிரச்சினை அடியோடு இல்லை. சட்டிப் பிரச்சினையும் நம் ஊரில் அனேகமாக இல்லை. பழைய சைவ வீடுகளில் மச்சச் சட்டி வேறு, விரதச் சட்டி வேறு. நல்லூர்க் கொடி ஏறினால் 25 நாளும் மச்சச் சட்டி பரணில்தான். அந்த விரதச் சட்டியில் சமைத்தது என்று ஒரு சொல் சொன்னால் போதும், முஸ்லிம் விருந்தாளி நிம்மதியாகச் சாப்பிடுவார். இரண்டு பக்கத்து விலக்கும் ஒரே சட்டியில் ஒத்துப்போகிற அபூர்வமான இடம் இது.

சரி, அப்படியென்றால் ஏன் பாதி சரி என்றேன்? படையல் இருக்கிறதே. பொங்கல், திவசம், அந்தியேட்டி, கோயில் அன்னதானம், ஐயர் வந்து பூசை செய்த குடிபூரல், இவற்றில் சமைத்தது முதலில் சாமிக்கோ இறந்தவருக்கோ படைக்கப்படுகிறது. 'அல்லாஹ் அல்லாத வேறு பெயர் சொல்லப்பட்டது' என்ற வசனம் முதலாவதாக அறுக்கிற பிராணியைப் பற்றியது. ஆனால் சைவப் படையலுக்கும் அதை நீட்டிப் பார்த்து ஒதுங்குபவர்கள் நிறையப் பேர். ஆகவே மரக்கறிதானே என்று பிரசாதத்தை நீட்டினால், கோழியை நீட்டியதை விடப் பெரிய சங்கடமாகப் போகலாம்.

இதற்கு வழி லேசானது. படைப்பதற்கு முன்பே அவர்களுக்கு உரியதைத் தனிப் பாத்திரத்தில் எடுத்து வைத்துவிடுங்கள், அல்லது தனி அடுப்பில் சமையுங்கள். பொங்கல் அன்று நான் இரண்டு பானை வைக்கிறேன், முற்றத்தில் ஒன்று, குசினியில் ஒன்று. குசினிப் பானைதான் பக்கத்து வீட்டுக்குப் போகிறது. பண்டிகைச் சோறே வேண்டாம் என்று நினைக்கிற முஸ்லிம்களும் உண்டு. அவர்களுக்குப் பழம் கொடுத்தால் போயிற்று.

ஒளிந்து வருகிறவற்றையும் பாருங்கள். புடிங்கிலும் ஜெலியிலும் போடும் ஜெலற்றின் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வந்திருக்கலாம். கலியாண வீட்டு ரிச் கேக்கில் பிரண்டி இருக்கும். பழைய முறைப்படி கள்ளு விட்டுப் புளிக்க வைத்த அப்பமும் ஆகாது. நிறைய உட்கொண்டால் வெறிப்பது எதுவோ அதில் ஒரு துளியும் ஹராம் என்பது நபிமொழி வழி வந்த விதி. வினாகிரியில் கருத்து வேறுபாடு உண்டு. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் (மத்ஹப் என்றால் இஸ்லாமியச் சட்ட மரபு), மது தானாகவே புளித்துக் காடியாக மாறினால் சுத்தம், எதையாவது போட்டு மாற்றினால் சுத்தமில்லை. எனக்கு அந்த வம்பே வேண்டாம் என்று பழப்புளியோ தேசிக்காயோ விட்டுவிடுகிறேன். பனங்கட்டிக்குப் பயப்பட வேண்டாம். முட்டியில் சுண்ணாம்பு பூசிப் புளிக்காமல் இறக்கிய கருப்பநீரில்தான் அதைக் காய்ச்சுகிறார்கள். பாயாசத்துக்கு அதுவே போதும்.

எப்போது சைவம் நல்லது? கலியாணம், கோயில் சம்பந்தப்பட்ட நாள், நூறு பேருக்கு மேல் கூட்டம், வருபவர்களைச் சரியாகத் தெரியாத நேரம். நம் கலியாண வீட்டில் எப்படியும் இலையில் சைவம்தான் என்பதால், தங்களுக்காகத் தனியாக ஏதோ செய்தார்கள் என்ற எண்ணமும் அவர்களுக்கு வராது.

## மீனும் கடலுணவும்

வீட்டுக்கு ஒரு குடும்பம் வருகிறது என்றால் நான் முதலில் கை நீட்டுவது இதற்குத்தான். காரணம் எளிது: மீனுக்கு அறுப்பு முறை கிடையாது. கடல் வேட்டை உங்களுக்கு ஆகுமாக்கப்பட்டது என்று குர்ஆன் (5:96) சொல்கிறது. கடலின் நீர் சுத்தம், அதில் செத்ததும் ஆகும் என்பது நபிமொழி. பிடித்தவர் யார், விற்றவர் யார் என்று எவரும் கேட்கப்போவதில்லை. பாரை, விளைமீன், ஒட்டி, சுறா வறை, திருக்கை, கணவாய், இறால், கருவாடு எல்லாமே ஷாஃபிஈக்காரருக்கு ஆகும். யாழ்ப்பாணத்தானுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஒரே ஒரு சிக்கல், அதுவும் நம் பெருமைக்குரிய சாமானில் வந்து நிற்கிறது. நண்டு.

ஷாஃபிஈ சட்டத்தில் பெரிதும் மதிக்கப்படுகிற நூல் இமாம் நவவியின் மின்ஹாஜ். கரையிலும் நீரிலும் வாழக்கூடியவை ஆகாது என்று அதில் ஒரு விதி. உதாரணமாக அவர் எழுதுவது தவளை, நண்டு, பாம்பு. அதை அப்படியே எடுத்து நண்டைத் தொடாத குடும்பங்கள் உண்டு. கடலுக்குள்ளேயே வாழ்கிற நண்டு வேறு, சேற்றிலும் கரையிலும் ஏறித் திரிகிற நண்டு வேறு என்று பிரித்து, முதலாவதை மட்டும் சாப்பிடுபவர்களும் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபே பெரும்பான்மையாக உள்ள இந்தோனேசியாவில் உலமா சபை 2002இல் இதை ஆராய்ந்து, உடலுக்குக் கெடுதல் இல்லாத வரை நண்டு ஹலால் என்று தீர்ப்புக் கொடுத்தது. ஹனஃபி மத்ஹபில் இன்னும் இறுக்கம். கடலில் மீன் மட்டும்தான், நண்டும் கணவாயும் இல்லை, இறாலிலும் அவர்களுக்குள் இரண்டு பேச்சு. இலங்கையில் மேமன் சமூகத்தவர் ஹனஃபிக்காரர். கொழும்பிலிருந்து வருபவர் என்றால் ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே ஒடியல் கூழ் வைக்க ஆசைப்படுபவர்களுக்குச் சொல்கிறேன்: நண்டை உள்ளே போடாதீர்கள். மீன்தலை, இறால், பயிற்றங்காய், பிலாக்கொட்டை, மரவள்ளி போட்டுக் கூழைக் காய்ச்சி, நண்டைத் தனிச் சட்டியில் குழம்பாக வையுங்கள். ஒரே பானையில் எல்லாம் போட்டால் ஒரு நண்டுக் காலுக்காக முழுப் பானையையும் ஒருவர் தள்ளி வைக்க நேரும். கூழின் சுவை கொஞ்சம் குறையும்தான். மறுக்கவில்லை.

இங்கே செலவு விலையில் வரும். நல்ல மீன் விலை காற்றுக்கும் நிலாவுக்கும் ஏறி இறங்கும், முதல் நாளே முடிவாகச் சொல்ல முடியாது. எண்ணெயும் ஒரு மறைமுகச் செலவு. முதல் நாள் கோழி பொரித்து வடித்து வைத்த எண்ணெயில் மீனைப் பொரித்தால் மீனை ஆகுமாக்கிய கணக்கெல்லாம் வீண். புது எண்ணெய், நன்றாகக் கழுவிய தாச்சி.

## ஹலால் இறைச்சி வாங்கி வீட்டில் சமைப்பது

எல்லோரும் முதலில் நினைப்பது இது. உண்மையில் நாலு வழிகளிலும் கடினமானது இதுதான்.

அறுப்பு என்ன என்பதை முதலில் பார்ப்போம், நம்மவர்களிடம் பிழையான எண்ணங்கள் நிறைய. ஹலால் என்றால் ஓதி ஊதுவது, அல்லது சாமிக்குப் படைப்பது போல ஏதோ ஒன்று என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உயிரோடு இருக்கும் பிராணியை, தகுதியுள்ள ஒருவர், கூரிய கத்தியால், மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும் முழுதாக அறுபடும்படி அறுக்க வேண்டும். பக்கத்து இரத்தக் குழாய்களையும் சேர்த்து அறுப்பது ஷாஃபிஈயில் சுன்னத்து. 'பிஸ்மில்லாஹ்' சொல்வதும் ஷாஃபிஈயில் சுன்னத்து, மற்ற மத்ஹபுகளில் அதற்கு அழுத்தம் கூட. அறுப்பவர் முஸ்லிமாக இருக்க வேண்டும். வேதக்காரர்களின் (யூதர், கிறிஸ்தவர்) உணவு ஆகும் என்று குர்ஆனில் (5:5) இருப்பதால் கிறிஸ்தவர் அறுத்தால் என்ன என்று என் சிநேகிதி ஒருத்தி கேட்டாள். சட்ட நூல்களில் அதற்கு நிபந்தனைகள் உண்டு, ஷாஃபிஈயில் இன்னும் கடுமை. இங்கே யாரும் அதை நம்பிச் சாப்பிட வருவதில்லை என்று சொல்லி முடித்தேன்.

இதை வைத்துப் பார்த்தால் நம் வழக்கமான வழிகள் பல அடைபடும். தீபாவளிக்குப் பங்கு போடும் ஆடு ஆகாது, அறுத்தவர் காரணமாக. வேள்விக் கிடாய் இரண்டு மடங்கு ஆகாது, அது வேறு பெயரில் பலியானது. வளவுக் கோழியைக் கழுத்தைத் திருகிக் கொன்றால் அது நெரிபட்டதில் சேரும். மிஞ்சுவது இரண்டு: சோனகத் தெருப் பக்கம் முஸ்லிம் இறைச்சிக் கடை, அல்லது ஹலால் முத்திரை போட்ட உறைகோழிப் பைக்கற். முன்பு அந்தச் சான்றை அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா கொடுத்தது. 2013இல் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு அவர்கள் அதை விட்டார்கள், இப்போது தனி அமைப்பு ஒன்று கொடுக்கிறது.

இறைச்சி கிடைத்துவிட்டது. இனித்தான் உண்மையான கஷ்டம். எந்தச் சட்டியில் சமைப்பீர்கள்?

மச்சச் சட்டியில் சமைத்தால், நேற்று வரை அதில் வெந்தது யார் அறுத்த கோழி என்று தெரியாது. பிற மதத்தவரின் பாத்திரத்தில் உண்ணலாமா என்று நபியிடம் ஒருவர் கேட்டார். வேறு கிடைத்தால் அதில் சாப்பிடாதீர்கள், கிடைக்காவிட்டால் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள் என்பதே பதிலின் சாரம். அதனால் நன்றாகக் கழுவிய சட்டி போதும் என்பார்கள் பலர். ஆனால் அதில் எப்போதாவது பன்றி இறைச்சி வெந்திருந்தால் கதை வேறு. ஷாஃபிஈயில் பன்றி கடும் அசுத்தம். ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். விருந்துக்கு முதல் நாள் சட்டிக்கு மண் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்க யாருக்கு நேரம்?

அப்படியானால் விரதச் சட்டியில் சமைப்போம் என்றால் நம் பக்கம் இடிக்கும். அதில் ஒருமுறை இறைச்சி வெந்தால் பிறகு கந்தசஷ்டிக்கு அதை எடுக்க முடியாது, மாமி அதைக் கிணற்றடிக்கே விடமாட்டார். சைவத்தில் இரண்டு விலக்கும் ஒத்துப்போன அதே சட்டி இங்கே இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. கடைசியில் புதுச் சட்டி, புது அகப்பை, புது வெட்டுப்பலகை வாங்க வேண்டிவரும். இறைச்சி விலையோடு இதையும் கூட்டிப் பாருங்கள்.

இவ்வளவும் செய்தாலும் விருந்தாளிக்கு எதுவும் தெரியப்போவதில்லை. நீங்கள் சொல்ல வேண்டும், அவர் நம்ப வேண்டும். நெருங்கிய சிநேகிதம் என்றால் நடக்கும். அதற்கும் நல்ல வழி அவர்களையே குசினிக்குள் சேர்த்துக்கொள்வது. "ராத்தா, இறைச்சியை நீங்களே வாங்கிக்கொண்டு வாங்கோ, சேர்ந்து சமைப்பம்" என்று கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாக வருவார்கள். அப்படி ஒரு உறவு இல்லாத இடத்தில் இந்த வழியைத் தொடாதீர்கள்.

## வெளியில் முஸ்லிம் சமையல்காரரிடம் எடுப்பிப்பது

விசாரிக்காமல் கை வைக்க முடியுமா என்ற கேள்விக்கு முழுப் புள்ளி வாங்குவது இதுதான். புரியாணி சகன் என்ற பெரிய தட்டில் வரும், ஒரு சகனைச் சுற்றி ஆறு பேர் வரை இருந்து சாப்பிடுவார்கள். அறுப்பு, சட்டி, எண்ணெய் எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஓடர் கொடுக்கும்போதே "மாட்டிறைச்சி வேண்டாம், ஆடு அல்லது கோழி" என்று சொல்லிவிடுங்கள். நம் வீட்டிலும் ஒரு விலக்கு இருக்கிறது, அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.

காசு கூடத்தான் போகும். காசை விட எனக்கு உறுத்துவது வேறு ஒன்று. ஒரு கலியாண வீட்டில் முஸ்லிம் விருந்தாளிகளுக்கு மட்டும் பின் பந்தலில் தனி மேசை, தனிப் பார்சல். நல்லெண்ணத்தில்தான் செய்தார்கள். ஆனால் பார்க்க ஒதுக்கி வைத்தது போலத்தான் இருந்தது. ஊரை விட்டு அனுப்பப்பட்டுத் திரும்பி வந்தவர்களுக்கு அந்த மேசை எப்படித் தெரிந்திருக்கும் என்று எனக்கு அன்றிலிருந்து ஒரு நெருடல். எடுப்பிப்பதானால் மச்சம் சாப்பிடும் எல்லோருக்கும் அதையே எடுங்கள். ஒரே பந்தலில் பரிமாறுங்கள், நம் கோழிக்கறி போட்ட கரண்டி அந்தப் பாத்திரத்துக்குள் போகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறந்தநாள், ஒபிஸ் விருந்து, ஐம்பது பேர் மச்சம் எதிர்பார்த்து வருகிற கொண்டாட்டம், இவற்றுக்கு இது நல்லது. இரண்டே பேர் வருகிற வீட்டுச் சாப்பாட்டுக்கு இது அந்நியமாக இருக்கும்.

## ஒரே பார்வையில்

| வழி | சந்தேகம் வரும் இடம் | உங்கள் சுமை | எங்கே பொருந்தும் |
|---|---|---|---|
| முழுச் சைவம் | படையல், ஜெலற்றின், பிரண்டிக் கேக், கள்ளு அப்பம் | குறைவு | கலியாணம், கோயில் நாள், பெருங்கூட்டம் |
| மீன், கடலுணவு | நண்டு, பழைய எண்ணெய் | மீன் விலையைப் பொறுத்தது | ஒரு குடும்பம் வரும் வீட்டு விருந்து |
| ஹலால் இறைச்சி, வீட்டுச் சமையல் | சட்டி, கத்தி, பலகை, உங்கள் வாக்கு | அதிகம், புதுப் பாத்திரம் உட்பட | சேர்ந்து சமைக்கிற அளவுக்கு நெருக்கம் |
| வெளிச் சமையல் | அனேகமாக இல்லை | காசு | மச்சம் எதிர்பார்க்கிற கொண்டாட்டம் |

அம்மம்மாவின் கடகம் இந்த அட்டவணையில் இல்லை. அதில் சந்தேகம் வருவதற்கு இடமே இருக்கவில்லை, அதுதான் அவருடைய கணக்கு. என்னுடைய சைவ ஓட்டும் மீன் ஓட்டும் அந்தக் கணக்குக்குக் கிட்ட வருவதால்தான்.

## எந்த வழி எடுத்தாலும்

வெள்ளித் தம்ளரை வெளியே எடுக்காதீர்கள். மரியாதைக்குரிய விருந்தாளி என்று நாம் அலுமாரியைத் திறப்போம். பொன், வெள்ளிப் பாத்திரங்களில் உண்பதும் பருகுவதும் அவர்களுக்கு ஹராம். வாழையிலையும் கண்ணாடிக் கிளாசும் போதும்.

பின் வளவில் ஆண்கள் போத்தல் திறக்கிற வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் அன்றைக்கு ஒருநாள் வேண்டாம். மது பரிமாறப்படும் விரிப்பில் அமர வேண்டாம் என்று அவர்களுக்கு அறிவுறுத்தல் உண்டு. தாங்கள் குடிக்காவிட்டாலும் அவர்கள் எழுந்து போக வேண்டிவரும்.

நேரமும் முக்கியம். வெள்ளிக்கிழமை மதியம் ஆண்கள் ஜும்ஆத் தொழுகைக்குப் போவார்கள், பன்னிரண்டரைக்கு இலை போட்டால் வரமாட்டார்கள். ரமழான் மாதம் நம் கலண்டரில் ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வந்துகொண்டே இருக்கும். அந்த மாதத்தில் நாள் விழுந்தால் மதியச் சாப்பாட்டை விட்டு, சூரியன் மறைந்த பிறகு நோன்பு திறக்கக் கூப்பிடுங்கள். பேரீச்சம்பழமும் தண்ணீரும் முதலில்.

கூப்பிடும் தொலைபேசியிலேயே "மீன் வைக்கப்போகிறன், நண்டு சாப்பிடுவீங்களோ?" என்று கேட்டுவிடுவது என் வழக்கமாகிவிட்டது. அந்த ராத்தா குடும்பத்தை இரண்டாவது முறை கூப்பிட்டபோதும் கேட்டேன். "வையுங்கோ பாப்பம்" என்று சிரித்தார். விளைமீன் பொரியல், இறால் குழம்பு, கணவாய்ப் பிரட்டல், சொதி வைத்தேன். நண்டு தனிச் சட்டியில். பொடியன் பொரியலில் நாலு துண்டு எடுத்தான், தாயைப் பார்க்கவில்லை. ராத்தா நண்டுக் காலை உடைத்துக்கொண்டிருந்தார். அவர் கணவர், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், அந்தச் சட்டியை மெல்ல என் கணவர் பக்கம் தள்ளிவிட்டு, சொதியை எடுத்தார்.